ஜூலியட் சாகாத ஆட்டம்

ஆசிரியருக்கு,

கோடை இரவில் திறந்தவெளி மேடையில் நடக்கும் ‘ரோமியோ ஜூலியட்’ பாலே (மேற்கத்திய நாட்டிய நாடகம்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். நிலவை அத்தனை வர்ணித்தவர், அதற்கு இசையமைத்த ரஷ்யர் புரோகோஃபியேவுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். 1935-இல் அவர் முதலில் எழுதிய வடிவத்தில் காதலர்கள் சாகவே இல்லை! உயிரோடு இருப்பவர்கள்தான் ஆட முடியும், சாகிறவர்கள் படுத்துக்கொண்டு எப்படி ஆடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எதிர்ப்பு கிளம்பியது, ஷேக்ஸ்பியர் நாடகத்தின் சோக முடிவுக்கே திரும்பினார். ஷேக்ஸ்பியர் மேல் கைவைத்தால் சோவியத் நாட்டிலும் சும்மா விடமாட்டார்கள் போலும். அப்படியும் முதல் அரங்கேற்றம் 1938-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில்தான் நடந்தது. சோவியத் நாட்டின் லெனின்கிராடு மேடைக்கு வந்தது 1940-இல்; ஜூலியட்டாக ஆடியவர் புகழ்பெற்ற பாலே நடனக்காரி உலானோவா.

இன்னொன்று. திறந்தவெளி என்றால் நமக்குக் காற்று, ஆடுகிறவர்களுக்கு அவஸ்தை. கால்விரல் நுனியில் நிற்பவர் வழுக்கி விழ, தரையில் லேசான பனி ஈரமே போதும். குளிர்காற்றில் தசைகள் இறுகும். தூறலில் வயலின்கள் நனையக்கூடாது. மழைக்காக ஆட்டத்தை நிறுத்தினால் டிக்கெட் காசு போயிற்றே என்று முணுமுணுப்பவர்களுக்காகவாவது, கட்டுரையாளர் இதையும் எழுதட்டும்.

வாசகர், கும்பகோணம்