கோடைத் தக்காளிக்கு நாற்று வாங்குவோர் கவனத்துக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டைப் பக்கம் மாசி, பங்குனியில் தக்காளி நடுகிறவர்கள் பலரும் தளதளவென்று உயர்ந்த நாற்றைத்தான் கேட்கிறீர்கள். கோடைக்கு அது ஆகாது. கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையை மெல்ல விலக்கி வாட்டிய குட்டை நாற்றையே இந்தப் பட்டத்துக்குத் தருகிறோம்.

செடியின் தற்காப்பு எப்போதும் முழுதாக இயங்குவதில்லை. இடர் தென்பட்டால்தான் கூடும். ஈரம் குறையும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதிகரிக்கும். அதனால் இலைத்துளையின் காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கூடவே தண்ணீரும் போகும், துளை மூடிக்கொள்ளும். செல்லுக்குள் புரோலின் என்ற அமினோ அமிலம் சேர்ந்து, இருக்கிற நீரைப் பிடித்துவைக்கும். துளை மூடிய இலை குளிராது, கரியமில வாயுவும் உள்ளே வராது, வளர்ச்சி குறையும். எங்கள் நாற்று குட்டையாக இருப்பது அதனால்தான், ஊட்டம் இல்லாமல் அல்ல.

வெப்பத்துக்கு ஏற்பாடு வேறு. சூட்டில் புரதங்களின் மடிப்பு குலையும். அவற்றைச் செப்பனிடுபவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சாதாரண நாளில் இவை ஹெச்எஸ்எஃப்ஏ1 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தோடு ஒட்டி அதை அடக்கி வைத்திருக்கும். குலைந்த புரதங்கள் பெருகினால், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அதை விட்டுவிட்டு அவற்றைக் கவனிக்கப் போய்விடும். விடுபட்ட ஹெச்எஸ்எஃப்ஏ1 உட்கருவுக்குள் சென்று, மேலும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களை இயக்கும். மிதமான சூட்டை முன்பே கண்ட செடி கடுஞ்சூட்டைத் தாங்குவது இப்படித்தான். ஆனால் இந்தத் தயார்நிலை சில நாளில் குறைந்துவிடும். வாங்கிய நாற்றை மரத்தடியில் நாலைந்து நாள் போட்டு வைத்தால் வாட்டியதெல்லாம் வீண்.

நடுமுன் குழித்தட்டை நன்றாக நனையுங்கள். அதில் நிரப்பியிருக்கும் தென்னைநார்க் கழிவு முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. சுற்றி மண் ஈரமாக இருந்தும் வேர்க்கட்டி உலர்ந்தே கிடக்கும். நடவு மாலை 4 மணிக்கு மேல். தொடக்கத்திலேயே யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மெலிந்து பெருத்து, மதிய வெயிலில் தொங்கிவிடும்.

பூ உதிர்வுக்கு மருந்து கேட்டு வருவோர் பெரும்பாலும் தாமதமாகவே வருகிறீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் மகரந்தம் கெடும். அந்தச் சேதம் பூ விரிவதற்கு 8 முதல் 13 நாள் முன்பே மொட்டுக்குள் நடந்து முடிகிறது. உதிர்ந்த பிறகு எதைத் தெளித்தும் அந்தப் பூ தேறாது. மொட்டு தெரியும்போதே பிபிஎஃப்எம் திரவத்தை லிட்டருக்கு 10 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள். அது உயிருள்ள பாக்டீரியா. பூச்சி, பூஞ்சை மருந்துகளோடு ஒரே டேங்கில் கலக்க வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் நடவுக்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். மண்ணின் உப்பு நிலை (மின்கடத்தும் திறன்) மீட்டருக்கு 2.5 டெசிசைமனைத் தாண்டினால் தக்காளி மகசூல் குறையத் தொடங்கும். வாட்டிய நாற்றும் அதற்கு விலக்கல்ல.

வாட்டும் வாரத்தையும் சேர்த்தே நாற்று தயாராக வேண்டியிருப்பதால், நடவுத் தேதியை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாற்றுப் பண்ணையினர், பாலக்கோடு