மணிக்கணக்கு எங்களுக்கு மட்டும் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நெல்லைச் சீமைப் பீடித் தொழிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "வீட்டில் இருந்தபடியே சுற்றுவதால் பெண்களுக்கு நேரம் மிச்சமாகிறது" என்று அதில் ஒரு வரி. மிச்சமான அந்த நேரத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று முக்கூடல் பக்கம் வந்து தாங்களே தேடி எடுத்துக் கொடுத்தால் புண்ணியமாய்ப் போகும். (படம் நன்றாக இருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.)

பீடி இலையை நனைத்து, சோறு பொங்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சுற்றும் தட்டை மடியில் எடுத்தால் ஆயிரம் சுற்றப் பகல் போதாது. நடுவில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். ராத்திரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சேர்ந்துதான் முனை மடக்கும். மறுநாள் பீடிக் கடையில் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கழிவு என்று ஒதுக்குவார்கள். அவர்கள் கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசில் வாங்கி நிரவ வேண்டும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டதே, "ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவா?" என்றுதான். கல்யாணமானதும், சுற்றிய கணக்கை எழுதும் பாஸ் புத்தகம் மாமியார் பேரில், கை என்னுடையது. வைப்புநிதியும் அவர்கள் பேரில்தான் ஏறியது. 2011-ல் ஜனத்தொகை எடுக்க வந்த வாத்தியாரிடம் என் வீட்டுக்காரர், "வீட்டு வேலைன்னு போட்டுக்கோங்க" என்றார். தட்டு அப்போதும் என் மடியில்தான் இருந்தது.

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு 2023 ஏப்ரலில் மசோதா நிறைவேறியபோது ஊரே கொதித்தது. மே தினத்தில் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். சந்தோஷம். ஜவுளிக்கடைப் பிள்ளைகள் உட்கார 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவும் சந்தோஷம். நாங்கள் உட்கார்ந்தேதான் இருக்கிறோம், எழுந்திருக்க ஒரு சட்டம் போடுவார்களா?

1966-ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சொன்னது தாங்கள் அறியாததல்ல. அது பட்டறைக்குள் சுற்றுகிறவர்களுக்கு. வேலையைத் திண்ணைக்கு அனுப்பிய பிறகு எங்கள் மணியை யார் பார்த்தார்கள்? ஆயிரத்துக்கு இவ்வளவு, அவ்வளவுதான் கணக்கு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் எங்கள் நல நிதிக்கு வந்துகொண்டிருந்த செஸ் வரியும் போயிற்று. அதைத் தாங்கள் எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ, என் கண்ணில் படவில்லை.

தங்கம் விலை, பாவூர்சத்திரம் காய்கறி விலை, சங்கரன்கோவில் பூ விலை எல்லாம் தினமும் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, ஆயிரம் பீடிக்கு அரசு நிர்ணயித்த கூலி என்ன என்று மாதம் ஒருமுறையாவது ஒரு வரி போடுங்கள். கடையில் காட்டிக் கேட்க எங்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
முக்கூடல்.