கமிஷனில் ஒரு பங்கை வீடு வாங்குபவருக்குத் திருப்பித் தர விடுங்கள்

அமெரிக்காவில் கமிஷன் ரிபேட்டுக்கு (வீட்டு ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கை வாங்குபவருக்குத் திருப்பித் தருவதற்கு) இன்னும் தடை வைத்திருக்கும் அலபாமா, கான்சாஸ், மிசிசிப்பி முதலிய மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ரியல் எஸ்டேட் ஆணையத்தாருக்கும்,

வணக்கம்.

2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே வாங்குபவரும் ஏஜென்ட்டும் கமிஷனை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். கமிஷனைப் பேரம் பேசலாம் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. உங்கள் மாநிலங்களிலோ, வாங்கிய கமிஷனில் ஒரு பங்கை ஏஜென்ட் மனமுவந்து திருப்பித் தந்தால் அவர் லைசென்ஸுக்கே ஆபத்து. இந்தத் தடையை நீக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

"முதலிலேயே கமிஷனைக் குறைத்துக்கொள்ளலாமே" என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் விலை 4 லட்சம் டாலர், முன்பணம் 5 சதவீதம். வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு 3 சதவீதம், அதாவது 12,000 டாலர் தர விற்பவர் தயார். ஏஜென்ட் 8,000 போதும் என்கிறார். மிச்சம் 4,000 யாருக்கு? விற்பவர் மனது வைத்தால்தான் அது வாங்குபவருக்கு வரும். அவர் விலையில் 4,000 குறைத்தாலும், வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டிய முன்பணத்தில் குறைவது வெறும் 200 டாலர். மீதி 3,800 கடனில் கழியும், 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனென்றால் மாதத் தவணையில் ஏறக்குறைய 24 டாலர் குறையும், அவ்வளவுதான். அதே 4,000 குளோசிங் அன்று, அதாவது பணம் கட்டி வீடு கைமாறும் நாளில், ரிபேட்டாக வந்தால் டைட்டில் இன்சூரன்ஸ் (உரிமைச் சிக்கலுக்கான காப்பீடு), கடன் கட்டணம், எஸ்க்ரோ என்னும் ஒதுக்குக் கணக்கில் முன்கூட்டிக் கட்டும் சொத்து வரி எல்லாவற்றுக்கும் நேராகப் போகும். முதல் வீடு வாங்குபவர்கள் திணறுவது அந்த ஒரு நாளுக்கான ரொக்கத்துக்குத்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை மட்டும் கைமாற்றிவிட்ட இன்னொரு ஏஜென்ட்டுக்குக் கமிஷனில் கால் பங்கை ரெஃபரல் கட்டணமாகத் தருவது தொழிலில் சர்வசாதாரணம். வீட்டுக் கடன் குளோசிங்கை ஒழுங்குபடுத்தும் 1974-ஆம் ஆண்டின் ரெஸ்பா சட்டம் கையூட்டுக்கு 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதித்தாலும், ஏஜென்ட்டுகளுக்குள் நடக்கும் இந்தப் பங்கீட்டுக்கு விலக்கு அளிக்கிறது. பணம் ஏஜென்ட்டுகளுக்குள் கைமாறலாம், முப்பது வருடம் கடன் கட்டப்போகிறவரிடம் மட்டும் போகக்கூடாது என்பது என்ன நியாயம்?

மோசடிக்கு இடமாகும் என்ற அச்சத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. கடன் தருபவருக்குத் தெரியாமல் பிறகு ஒரு செக் கொடுப்பதில்தான் கோளாறு. ஆகவே ரிபேட் தொகை ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். கடன் தருபவருக்கு முன்பே தெரிவிக்கப்படட்டும். குளோசிங் டிஸ்க்ளோஷர் என்னும் இறுதிக் கணக்குப் படிவத்தில் தனி வரியாக வரட்டும். தொகை குளோசிங் செலவைத் தாண்டினால் மிச்சத்தை ரொக்கமாகத் தரக் கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் விடுவதில்லை என்பதையும் வாங்குபவருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். வரிச் சிக்கலும் இல்லை: இத்தகைய ரிபேட் வருமானமல்ல, விலைக்குறைப்பே என்று வருமான வரித்துறை 2007-இல் ஒரு கடிதத் தீர்ப்பில் சொல்லிவிட்டது.

நியூ ஜெர்சி 2010-இல் எழுத்து ஒப்பந்த நிபந்தனையோடு ரிபேட்டை அனுமதித்தது. கென்டக்கியின் தடைக்கு எதிராக மத்திய அரசின் நீதித் துறை அமைச்சகம் 2005-இல் வழக்கே போட வேண்டியிருந்தது. வழக்கு வரும்வரை காத்திராமல், வரும் கூட்டத்தொடரிலேயே தடையை நீக்கும் மசோதாவைக் கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீடு வாங்குவோரும், அவர்களுக்காக வேலை செய்யும் ஏஜென்ட்டுகளும்