மசோதா போடறதுக்கு முன்னாடி எங்க தலைய சரியா எண்ணுங்க

நாடாளுமன்ற பாதுகாப்புத்துறை நிலைக்குழுவுல இருக்குற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கத்துல இருந்து ஒரு பழைய பட்டாளத்துக்காரன் வணக்கம் சொல்லி எழுதுறது.

நான் ஹவில்தார் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். இப்ப மண்டபம், பெரியபட்டினம் வரைக்கும் உள்ள எக்ஸ் சர்வீஸ்மேன் குடும்பங்களுக்கு வீட்டுத் திண்ணையில உக்காந்து பென்ஷன் பேப்பர் எழுதிக் குடுக்குறேன், காசு வாங்குறதில்ல. புதுசா ஒரு சலுகைக்குச் சட்டம் வருதுன்னு பேச்சு கிளம்பினா எல்லாரும் தலைக்கு எவ்வளவு கிடைக்கும்னுதான் கேக்குறாக. எனக்கு மொத்தச் செலவ யாரு போட்டா, எப்படிப் போட்டான்னு தெரியணும்.

ஏன்னா ஒரே பதவி ஒரே பென்ஷன் விஷயத்துல பட்டது போதும், அதாவது ஒரே பதவியில ஒரே அளவு வருஷம் வேல பாத்தவுக எப்ப ரிட்டயர் ஆனாலும் ஒரே பென்ஷன்ங்கிற திட்டம். 2011-ல பகத்சிங் கோஷ்யாரி தலைமையில ராஜ்யசபா மனுக்கள் குழு அறிக்கை குடுத்துச்சு, வருஷத்துக்கு 1,300 கோடி ஆகும், அதுல 1,065 கோடி ஆபீசர் அல்லாத எங்கள மாதிரி ஆளுகளுக்குன்னு. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்ல 500 கோடி, அதே வருஷம் ஜூலையில 1,000 கோடி ஒதுக்குனாங்க. கடைசியில 2015 நவம்பர்ல உத்தரவு வந்து நடைமுறைக்கு வந்தப்ப செலவு வருஷத்துக்கு 7,100 கோடிக்கு மேல. நடுவுல அகவிலைப்படி ஏறுச்சு, ஆளும் கூடுச்சு, அதெல்லாம் ஒத்துக்கிறேன், ஆனா 500 கோடி எங்க 7,100 கோடி எங்க. ஒதுக்குனது பத்தாதப்ப அந்தச் சுமை யார் தலையில விடியுதுன்னா எங்க தலையிலதான், அரியர்ஸ் அரை வருஷத்துக்கு ஒண்ணுன்னு நாலு தவணையாச்சு, அடுத்த தவணைக்குள்ள என் கூட்டாளி ஒருத்தன் போய்ச் சேந்துட்டான்.

யூனிட்ல காலையில பரேட் ஸ்டேட்னு ஆள் கணக்குச் சீட்டு போடுவோம். லீவுல போனவன், கோர்ஸ்ல இருக்கவன், எம்ஐ ரூம்ல (யூனிட் வைத்திய அறை) படுத்திருக்கவன் எல்லாரையும் தனித்தனி கட்டத்துல காட்டணும், அத வச்சுத்தான் ரேஷன். ஒரு நாள் வேற யூனிட்ல இருந்து தற்காலிகமா அட்டாச்மென்ட்ல வந்த 11 பேர நான் விட்டுட்டேன், ராத்திரி லங்கர்ல, அதான் பட்டாளச் சமையக்கட்டுல, சப்பாத்தி தீந்துபோச்சு. சுபேதார் சாப் என்னைத் திட்டல, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி அந்த 11 பேரும் தட்டோட நிக்கிறதக் காட்டுனாரு. இன்னைக்கும் அந்தத் தட்டு என் கண்ணுல நிக்குது.

எண்ணிக்கைன்னா பென்ஷன் வாங்குறவுகள மட்டும் எண்றது இல்லீங்க. எங்க ஊரு மதினி ஒருத்தவுக, வீட்டுக்காரர் சிப்பாயா இருந்து காலமானவரு. மதினி தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவாக, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாறையில இருந்து பிச்சுப் பிச்சு பத்து விரலும் தேஞ்சு நுனியெல்லாம் வெடிப்பு. பென்ஷன் வாங்குறவுக உயிரோட இருக்காகன்னு வருஷா வருஷம் குடுக்குற லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு ரேகை வச்சா மிஷின் எடுக்காது. ஒரு வருஷம் அப்படியே விட்டுப்போயி பென்ஷன் நாலு மாசம் நின்னுபோச்சு. "நான் உயிரோட இருக்கேன்னு இந்த மிஷினுக்கு எப்படித் தம்பி சொல்றது"ன்னு கேட்டாக, எனக்குப் பதில் வரல. அந்த நாலு மாசச் செலவ வச்சு யாராச்சும் மதிப்பீடு போட்டிருந்தா அதுல மதினி செத்தவுக.

மக்களவை விதி 69 உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. செலவு வைக்கிற மசோதாவோட நிதிக் குறிப்பு இருக்கணும், வருஷா வருஷம் வர்ற செலவு எவ்வளவு, ஒரு தடவைச் செலவு எவ்வளவுன்னு அதுல மதிப்பீடு குடுக்கணும், செலவு வர்ற பிரிவுகள தடிச்ச எழுத்துலயோ சாய்வெழுத்துலயோ அச்சடிக்கணும்னே இருக்கு. அந்தக் குறிப்ப ரெண்டு வரியில முடிக்க விடாதீங்க. எத்தன பேரு, அதுல விதவைங்க எத்தன பேரு, அரியர்ஸ் தனியா எவ்வளவு, விலைவாசிக்காகப் பென்ஷனோட சேத்துக் குடுக்குற அகவிலை நிவாரணம் எத்தன சதவீதம்னு வச்சுப் போட்டது, இதெல்லாம் எழுதச் சொல்லுங்க. 2022 டிசம்பர்ல ஒரே பதவி ஒரே பென்ஷன திருத்துனப்ப வருஷத்துக்கு கூடுதலா 8,450 கோடின்னு சொன்னாங்க, அது 31 சதவீத நிவாரணத்துக்குப் போட்ட கணக்கு, அதே வருஷம் ஜூலையில இருந்தே நிவாரணம் 38 சதவீதம் ஆயிடுச்சு. அதே திருத்தத்துல பயனாளிக 25.13 லட்சம், புதுசா வந்தவுக மட்டும் 4.52 லட்சம். அமெரிக்காவுல 1974-ல சட்டம் போட்டு இதுக்குன்னே ஒரு பட்ஜெட் அலுவலகம் வச்சிருக்காங்க, கமிட்டியில தேறி வர்ற மசோதாவுக்கு பெரும்பாலும் பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டு எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுறாங்க. நாமளும் பத்து வருஷத்துக்குப் போட்டா என்ன?

பெரிய தொகையச் சொன்னா தள்ளிப் போட்டுருவாங்க, கம்மியா காட்டட்டும்னு எங்க ஆளுகளே சிலர் சொல்றாக. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 2025-26-க்கு பாதுகாப்புப் பென்ஷனுக்கு மட்டும் 1,60,795 கோடி ஒதுக்கியிருக்கு, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போற அதே கஜானா காசு, அது எங்களுக்கும் தெரியும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, இவ்வளவுதான் முடியும்னா அதச் சொல்லுங்க, வயசானவுகளும் விதவைகளும் முதல்ல, மத்தவுக பின்னாடின்னாலும் நாங்க கேட்டுக்குவோம்.

என்கிட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கு. எங்க பக்கத்துல யாரு பென்ஷன் வாங்குறாக, யாருக்கு நின்னுபோச்சு, யாரு இன்னும் கேக்கவே இல்லைன்னு எழுதி வச்சிருக்கேன். ஆளு விட்டு வாங்கிக்கிட்டாலும் சரி, எங்க அனுப்பணும்னு சொன்னாலும் சரி, குடும்பங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மறுநாளே பதிவுத் தபால்ல அனுப்பி வைக்கிறேன்.