கூலன்ட் சென்சர் தொடர்பான முறைப்பாடு

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.

முகாமையாளர்,
வாகன உதிரிப்பாகப் பிரிவு,
வவுனியாக் கிளை.

ஐயா,

சென்ற மாதம் உங்கள் கிளையில் 7,500 ரூபாய்க்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் எவ்வளவு சூடு என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் வெப்பநிலைச் சென்சர் ஒன்று வாங்கினேன். காரிலிருந்த பழைய சென்சர் சரியாகவே அளந்தது. கனெக்டரைப் பிடித்து வைக்கும் காது உடைந்ததால், பள்ளத்தில் விழும்போதெல்லாம் இணைப்பு விட்டுப்போனது. அதற்காகத்தான் புதியது வாங்கினேன்.

புதியதைப் பூட்டிய நாளிலிருந்து டாஷ்போர்டில், எஞ்சின் குளிராக இருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணையவே இல்லை. மாங்குளம் வீதியில் மத்தியான வெயிலில் ஓடும்போதும் கார் தனக்குக் குளிர்கிறது என்றது. எஞ்சின் சூடாகவில்லை என்று நினைத்து, கம்ப்யூட்டர் பெற்றோலை அள்ளி ஊற்றியது. லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடிய கார் 11-க்கு இறங்கியது, புகையும் கறுப்பு. மாங்குளம் சந்தியில் நிறுத்தியபோது ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை, கூலன்ட் பக்கத்துப் போத்தலுக்குள் கொதித்து ஏறியது. மூடியில் கை வைக்காமல் ஒரு மணித்தியாலம் மரநிழலில் காத்திருந்தேன்.

உங்களிடம் கொண்டுவந்தேன். பழுதுக் குறியீடுகளை, அதாவது கோட்களை, வாசிக்கும் ஸ்கேனரைப் பூட்டிய தம்பி, “கோட் ஒன்றும் வரேல்ல சேர், உங்கட வயரிங்கைப் பாருங்கோ” என்றார். பிறகு சென்சரைக் கழற்றி மேசையில் வைத்து அதன் மின்தடையை மீற்றரால் அளந்தார். 2 கிலோ ஓம். “வேலை செய்யுதே!” சரி, வேலை செய்கிறதுதான், உங்கள் ஏசி அறையில்.

வீட்டுக்கு வந்து முதலில் வயரிங்கைப் பார்த்தேன். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஒன் நிலைக்குத் திருப்பி, இரண்டு வயருக்கும் இடையே அளந்தேன். 4.98 வோல்ட். 5 வோல்ட்டுக்குக் கிட்ட வந்தால் கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயரும் சரி, எர்த்தும் சரி.

அப்புறம் பழையதையும் புதியதையும் நூலில் கட்டி, அடியில் முட்டாமல் ஒரே பாத்திரத்து நீரில் தொங்கவிட்டேன். உலோக முனை மட்டும் நீருக்குள், பின்கள் வெளியே. நான் விஞ்ஞான ஆசிரியர், வெப்பமானி பாடசாலை ஆய்வுகூடத்தில் இரவல் வாங்கியது. 30 பாகையில் இரண்டுமே 1.7 கிலோ ஓம் காட்டின, வித்தியாசமே இல்லை. அடுப்பை மூட்டினேன். 60 பாகையில் பழையது 600 ஓமுக்கு இறங்கியது, புதியது 1.55 கிலோ ஓமில் நின்றது. 80 பாகையில் பழையது 325, புதியது 1.4 கிலோ ஓம். நீர் சூடாகச் சூடாகத் தடை சடசடவென்று விழ வேண்டும். இந்த வகைச் சென்சர் பொதுவாக 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓமும், 80 பாகையில் 200 முதல் 400 ஓமும் காட்டும். உங்களுடையது கொதிநீருக்குப் பக்கத்திலும் காலைக் குளிரிலேயே நிற்கிறது.

கோட் வராததற்கும் காரணம் இதுதான். வயர் அறுந்தாலோ ஷோர்ட் ஆனாலோ கம்ப்யூட்டர் உடனே பிடித்துவிடும். 1.4 கிலோ ஓம் என்றால் நம்பக்கூடிய ஒரு வெப்பநிலையாகத்தான் அதற்குத் தெரியும், பொய் என்று சந்தேகிக்காது. அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. ஒரு கேத்தில் சுடுதண்ணி இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் அவரே கண்டுபிடித்திருப்பார். பற்றுச்சீட்டில் “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பதைக் காட்டியதுதான் எரிச்சலாக இருந்தது. நான் மனம் மாறித் திருப்பித் தரவில்லை. பழுதான பொருளைத்தான் தருகிறேன்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது வேறு சென்சர் தாருங்கள். வேறொன்று தருவதானால் என் முன்னாலேயே சுடுநீரில் வைத்து அளந்து தர வேண்டும். இதற்காக மாங்குளம் போய் ஏ9 பஸ் பிடித்து வர நான் தயார். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியும், 80 பாகையில் இரண்டு மீற்றர்களையும் வெப்பமானியையும் சேர்த்து எடுத்த படமும் இணைத்துள்ளேன். கார் இப்போது பழைய சென்சரில்தான் ஓடுகிறது, கனெக்டரைக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்கிறேன். நீல விளக்கு மூன்றாம் நிமிடத்தில் அணைகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்