வாங்குவதற்கு முன்பே கேட்டேன், பொய் சொன்னீர்கள்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இந்தியப் பிரிவு.

பொருள்: உங்கள் புதிய ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேமைத் தவறான தகவல் சொல்லி விற்றது; பணத்தைத் திருப்பித் தர மறுப்பது; சென்னை வரை வீணாக அலைய விட்டது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே ஆறு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஆறுக்கும் வந்த பதில் ஒன்றேதான்: "உங்கள் பொறுமைக்கு நன்றி." எழுத்து மாறவில்லை, கமா கூட மாறவில்லை. அதனால்தான் இந்த முறை தாளில் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். யாராவது ஒரு மனிதர் உறையைப் பிரித்து முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மே 9-ஆம் தேதி இரவு, பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் இணையதளத்தின் சாட்டில் நான் கேட்டது இது: "நான் இந்தியாவில் வாங்கப் போகிறேன். என் தம்பி சிங்கப்பூரில் வாங்கிவிட்டான். இரண்டு பேரும் ஒரே சர்வரில் சேர்ந்து விளையாட முடியுமா?" பதினொரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "நிச்சயமாக முடியும் மேடம். எங்கள் கேம் உலகம் முழுக்க ஒன்றுதான்." அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். உங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் "வாங்கிய பிறகு மனம் மாறினால் பணம் திரும்பாது மேடம்" என்கிறார்கள். என் மனம் மாறவில்லை. மாறியது உங்கள் பதில்.

இந்தியாவில் விற்கும் பிரதிகள் ஐரோப்பிய மண்டலத்துக்கு மட்டும்தான் என்று, கேமின் கோட் எண்ணைப் பதிவு செய்த பிறகுதான் திரையில் வருகிறது. தம்பி இருப்பது சிங்கப்பூர் மண்டலம், அங்கே நான் சேர முடியாது. பெட்டியின் பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, அரிசி மணி அளவு எழுத்தில் "மண்டலக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த மண்டலம் என்று இல்லை. பதிவு செய்தால்தான் மண்டலம் தெரியும், பதிவு செய்துவிட்டால் பணம் கிடையாது. இதை உங்களில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தானே எழுதியிருக்க வேண்டும்?

எனக்கு 43 வயது. ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். என் வயதை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை, உங்கள் வாடிக்கையாளர் சேவையில் மே 21 அன்று மாலை பேசியவரால் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர், "மேடம், போனைப் பையன்கிட்ட கொடுங்க" என்றார். எந்தப் பையன் என்று கேட்டேன். "கேம் விளையாடுற பையன். உங்களுக்குச் சொன்னா புரியாது" என்றார். விளையாடுவது நான்தான் என்றேன். ஒரு நொடி மௌனம். அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சரிங்க மேடம், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. சமைக்கும்போதும், ஆலையில் பேரேட்டைத் திறக்கும்போதும் நினைவுக்கு வருகிறது. நீங்கள் பணத்தைத் திருப்பித் தந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ராக்னராக் விளையாடிய காலத்திலிருந்து இந்த வகை ஆட்டங்களை நானும் தம்பியும் விளையாடுகிறோம். அவன் டேங்க், முன்னால் நின்று அடியைத் தாங்குகிறவன். நான் ஹீலர், குழுவில் உள்ளவர்களின் உயிரை ஏற்றுகிறவள். அவன் சிங்கப்பூர் போய் ஆறு வருடம் ஆகிறது. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு ஹெட்செட்டை மாட்டினால் "அக்கா, சாப்டியா?" என்று ஆரம்பிப்பான். அம்மாவின் சர்க்கரை, அவன் வீட்டு வாடகை, அவன் மகளின் பள்ளி, எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பேசி முடிப்போம். உங்களுக்கு இது ஒரு விற்பனைக் கணக்கு. எங்கள் குடும்பத்துக்கு அது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் யோசிக்காமல் வாங்குகிற ஆள் இல்லை. புது கேமுக்கு மாறலாமா என்று இரண்டு மாதம் யோசித்தோம். மாதக் கட்டணம் உண்டா என்று பார்த்தேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதம் 14.99 டாலர் வாங்குகிறது. கில்ட் வார்ஸ் 2 வந்த 2012-இலிருந்தே மாதக் கட்டணம் இல்லை. நீங்கள் பெட்டிக்கும் வாங்குகிறீர்கள், மாதத்துக்கும் வாங்குகிறீர்கள், கேமுக்குள் இருக்கும் கடையிலும் விற்கிறீர்கள். சரி, கேம் நன்றாக இருந்தால் கொடுக்கலாம் என்று அதையும் ஏற்றுக்கொண்டேன். சர்வரை இழுத்து மூடிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதும் தெரியும். சிட்டி ஆஃப் ஹீரோஸை 2012-இல் மூடினார்கள், வைல்ட்ஸ்டாரை 2018-இல் மூடினார்கள். காசு கொடுத்தவர்கள் கடைசி நாளில் ஊர்ச் சதுக்கத்தில் கூடி நின்று விடைபெற்றார்கள். இதெல்லாம் தெரிந்துதான் முடிவு செய்தேன். எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் உங்களிடம் கேட்டேன்.

இப்போது சென்னைப் பயணம்.

மே 26 அன்று பேசிய வேறொருவர் (இவர் மரியாதையாகப் பேசினார், அதை மறுக்கவில்லை) "பெட்டி, பில் இரண்டையும் எடுத்துக்கொண்டு சென்னையில் இருக்கும் எங்கள் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்கு நேரில் போங்கள், மண்டலக் கோட் எண்ணை மாற்றித் தருவார்கள்" என்றார். தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன், நேரில்தான் வர வேண்டும் என்றார். ஆலையில் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினேன். விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, காத்திருப்பு அறையில் முகம் கழுவிக்கொண்டு, கடை திறக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரிச்சி தெருவில் இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. பத்தரை மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கினார்கள்.

உள்ளே கீபோர்டும் ஹெட்செட்டும் பழுது பார்க்கிறார்கள். கேமுக்கும் அந்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கவுன்டரில் இருந்த இளைஞர் என் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க கோடெல்லாம் மாத்த மாட்டோம். இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆள். கம்பெனிக்கு நாங்களும் மெயில் போட்டுட்டோம்" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த முழு விவகாரத்தில் என்னை மனுஷியாக மதித்தவர் அவர் ஒருவர்தான், அவர் உங்கள் ஊழியர் கூட இல்லை. நாலாவது ஆள்! அப்படியென்றால் எனக்கு முன்னால் மூன்று பேரை அனுப்பி, அது தவறு என்று தெரிந்த பிறகும் என்னை 300 கிலோமீட்டர் தூரம் வரவழைத்திருக்கிறீர்கள். அன்று பகல் முழுக்க எழும்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்து, இரவு வண்டியில் ஊர் திரும்பி, குளித்துவிட்டு நேராக வேலைக்குப் போனேன்.

சாட்டில் பதில் சொன்னவரை விட்டுவிட்டேன் பாருங்கள். மே 14-இல் பெட்டி வந்தது, அன்றே பதிவு செய்தேன், உடனே அதே சாட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஐரோப்பிய மண்டலமும் நன்றாகவே இருக்கும், முயன்று பாருங்கள்" என்றார்கள். முயன்றேன். அதையும் கேளுங்கள்.

சிங்கப்பூர் சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்தான், கடலடி கேபிள் சென்னையிலிருந்தே நேராகப் போகிறது. எங்கள் வீட்டிலிருந்து அங்கே 60 மில்லிசெகண்ட் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) வருகிறது. உங்கள் ஐரோப்பிய சர்வருக்கு 210, சில இரவு 240. இது மோடத்தின் கோளாறு இல்லை, தூரம். தனியாகச் சுற்றும் ஆரம்பப் பகுதியில் இது தெரியாது. நான்கு பேர் சேர்ந்து சண்டை போடும் டன்ஜன் பகுதியில், அந்த இரண்டாவது பாலத்து பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், போனால் தெரியும். உங்கள் கேம்தானே, நீங்களே போய்ப் பாருங்கள். தரையில் சிவப்பு வட்டம் விழுகிறது, நான் விலகி வெளியே நிற்கிறேன், என் திரையில் வட்டம் என் காலுக்கு ஓரடி தள்ளி இருக்கிறது, ஆனாலும் அடி விழுகிறது. சர்வரின் கணக்கில் நான் இன்னும் உள்ளேதான் நிற்கிறேன். டேங்க்கின் உயிர் பாதிக்கு இறங்கியதும் ஹீல் பட்டனை அழுத்துகிறேன். பச்சை ஒளி அவர் மேல் விழுவதைப் பார்க்கிறேன், ஆனால் அதற்குள் அவர் கீழே கிடக்கிறார். மூன்று முறை இப்படியே நடந்தது. "ஹீலர் தூங்குகிறாரா?" என்று ஒருவர் எழுதினார். பிறகு மூன்று பேரும் வாக்களித்து என்னைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் ஒரு குழுவிலிருந்து வெளியேற்றியதில்லை. அன்றோடு நான் அந்த கேமைத் திறக்கவில்லை.

2021 டிசம்பரில் பைனல் ஃபேன்டஸி 14-க்குப் புது விரிவாக்கம் வந்தபோது கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. அந்த நிறுவனம் புதுப் பிரதிகளின் விற்பனையையே சில வாரம் நிறுத்தி வைத்தது, ஏற்கெனவே கட்டணம் கட்டியவர்களுக்கு இலவச நாட்களும் கொடுத்தது. வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பவும் ஒரு நிறுவனத்துக்கு மனம் வந்தது. நீங்களோ, இந்தப் பிரதி எனக்குப் பயன்படாது என்று நான் கேட்ட கேள்வியிலிருந்தே தெரிந்திருந்தும் என்னிடம் விற்றீர்கள்.

என் இழப்பு: கேமுக்கு 4,499 ரூபாய், மூன்று மாதச் சந்தா முன்கூட்டியே 1,950, இதற்காகவே கணினியில் ரேம் கூட்டியது 2,800, சென்னைப் பயணத்துக்கு 1,100. மொத்தம் 10,349. இழந்த ஒரு நாள் சம்பளம் தனி. ஆறு வாரமாகச் சனிக்கிழமை இரவு எங்கள் வீடு துக்க வீடு மாதிரி இருக்கிறது. தம்பி தனியாகப் போய் வேறு ஒரு கில்டில் (விளையாட்டுக் குழுவில்) சேர்ந்துவிட்டான், என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தான். ஆறு வருடமாக நாங்கள் காப்பாற்றி வைத்திருந்ததை உங்கள் ஒரு வரிப் பொய் அழித்துவிட்டது. அதற்கு ஒரு லட்ச ரூபாய் கேட்டாலும் தகும்.

நான் சண்டைக்காரி இல்லை. நல்ல முறையில் முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை நானும் படித்தேன். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். என் முதல் புகார் மே 15. எண்ணிப் பாருங்கள். 1915 என்ற எண்ணுக்கு அழைத்து, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யப் போகிறேன். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே, தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் வழக்கறிஞர் சென்னையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் தஞ்சாவூர் வரட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எனக்கு வேண்டியது: 10,349 ரூபாய் முழுதாக, மே 21 அழைப்பின் பதிவைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுத்தில் ஒரு மன்னிப்பு, ரிச்சி தெருவுக்கு இனி யாரையும் அனுப்பாதபடி உங்கள் ஊழியர்களுக்கு உத்தரவு. சிங்கப்பூர் மண்டலத்துக்கு என் கணக்கை மாற்றித் தர உங்களால் முடியுமென்றால், பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், அதை மட்டும் செய்யுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.

இணைப்பு: மே 9, மே 14 சாட் படங்கள், பில், பெட்டியின் பின்பக்கப் படம், ரயில் டிக்கெட் இரண்டு.

பி.கு.: அழைப்பதாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கவும். போனை நான்தான் எடுப்பேன். என்னிடமே பேசுங்கள்.