உப்பு தின்ற ஸ்பிரிங்

ஹாமில்டன், கனடா
மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து நேரம் தவறாமல் விடுகிறீர்களா? போன வாரம் போனில், "கார் இருக்கும்போது எதுக்கும்மா பஸ்ஸில போறே?" என்று கேட்டீர்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் வைத்துவிட்டேன். சேலம் கொண்டலாம்பட்டிப் பட்டறையில் நாற்பது வருஷம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்தவர் நீங்கள். உங்களிடம் இதை அரைகுறையாகச் சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

ஜனவரி கடைசியில் ஒரு விடிகாலை. மைனஸ் 18 டிகிரி. தண்டவாளத்தைக் கடக்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் கடகடவென்று ஏதோ உதறியது. வேலை இடத்தில் நிறுத்திவிட்டு, நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரி பத்தடி தள்ளி நின்று நேராகப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. செல்போன் டார்ச்சை சக்கரத்துக்குப் பின்னால் அடித்தால், வண்டிப் பாரத்தைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று ஒடிந்து, அதன் கூர்முனை டயருக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் டயரைக் கிழித்திருக்கும். கை நடுங்கிவிட்டது அப்பா. அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸில்தான் வீடு வந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் உப்பு. இந்த ஊருக்கு நடுவே மதில் மாதிரி ஒரு மலைச்சரிவு ஓடுகிறது. நூறு மீட்டர் உயரம் இருக்கும், 'மவுண்டன்' என்கிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் மேலே, வீடு கீழே. தினமும் ஏறி இறங்கும்போது ஏற்காட்டு ரோடுதான் ஞாபகம் வரும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீங்கள் இரண்டாம் கியரிலேயே இறக்குவீர்களே, அதே மாதிரிதான் நானும் இறங்குகிறேன். பனி பெய்தால் உடனே உப்பு லாரி வந்துவிடும். உப்புத் தண்ணீர் 0 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும் என்பதால் ரோட்டில் ஐஸ் கட்டாது. குளிர் மைனஸ் 10-ஐத் தாண்டினால் வெறும் உப்பு அவ்வளவாக எடுபடாது. கால்சியம் குளோரைடு மாதிரி வேறு உப்பும் சேர்த்துத் தெளிப்பார்கள். நமக்கு உப்பு என்றால் வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளம். இங்கே ஹூரான் ஏரிக்கரையில் கோடெரிச் என்ற ஊரில், ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே போய்ப் பாறையாக வெட்டி எடுக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். நைட் டியூட்டி முடிந்து அந்தச் சரிவில் உயிரோடு இறங்குகிறேன் என்றால் அந்த உப்பால்தான். அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் காருக்கு அது எமன். ரோடு காய்ந்ததும், நம்ம ஊர் மாக்னசைட் சுரங்கத்துப் பக்கம் ஓடும் லாரிகள் மாதிரி எல்லாக் காரும் வெளுத்துப்போய் நிற்கும். அந்தப் பொடியைத் தட்டினால் போய்விடும். இந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும் என்பதால் துருவும் பல மடங்கு வேகமாக ஏறும். நம்ம ஸ்டீல் பிளான்ட் எவர்சில்வரில் குரோமியம் இருப்பதால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகி இரும்பைக் காப்பாற்றும். ஸ்பிரிங் இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை, மேலே பூசிய பெயின்ட்தான் காவல். கல் பட்டு ஒரு பொட்டு பெயின்ட் உரிந்தாலும் அங்கே துரு குழி பறிக்கும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கி எழும்போது மொத்த இழுவையும் அந்தக் குழியிலேயே விழும். கீழ்ச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் உப்பும் தேங்குவதால் பெரும்பாலும் அங்கேதான் ஒடிகிறது.

பட்டறை வைத்திருப்பவர் யாழ்ப்பாணத்து அண்ணன். வண்டியை லிஃப்டில் தூக்கியதும், "எல்லாம் கறள் பிடிச்சுப் போச்சு, தங்கச்சி" என்றார். துருவுக்கு அவர்கள் ஊர்ச் சொல் கறள். மேலே பளபளவென்று இருந்த காரின் அடிவயிற்றைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. சக்கரத்தைப் பாடியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. வாங்கும்போது இன்ஜின் சத்தம் கேட்டேன், ஆயில் பார்த்தேன், குனிந்து பார்க்கவில்லை. சேலத்து வெயிலில் மூட்டுகளில் இருக்கும் புஷ் ரப்பர்தான் முதலில் வெடித்துப்போகும். இரும்பு கல் மாதிரி இருக்கும். இங்கே நேர்மாறு. ரப்பர் நன்றாக இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் இரும்பு இல்லை.

வேலையில் பாதி நேரம் போல்ட் கழற்றவே போனது. லிங்க் ராடு என்ற இணைப்புக் கம்பியின் நட் அதன் தண்டோடு சேர்ந்தே சுற்றியது, கிரைண்டர் வைத்து அறுத்தார். லோயர் ஆர்ம் போல்ட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கே கோபம் வந்திருக்கும். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாகத் துரு ஏறி, தலை சுற்றுகிறது, போல்ட் வெளியே வரமாட்டேன் என்கிறது. ஆயில் அடித்து ஒரு ராத்திரி ஊறவைத்தார், கேஸ் வைத்துச் சூடு காட்டினார், கடைசியில் ஆர்மோடு சேர்த்து வாளால் அறுத்துத்தான் எடுத்தார். "வராத போல்ட்டோட மல்லுக்கட்டாதே, உடைஞ்சா ரெண்டு வேலை" என்பீர்களே, அதை அவரிடம் சொன்னேன். "அப்பா மெக்கானிக்கோ?" என்று கேட்டார். அப்புறம் டீ கொடுத்துப் பக்கத்திலேயே நிற்கவிட்டார்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட்டாக இரண்டு பக்கமும் மாற்றியாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் இல்லையா? இரண்டு ஆர்ம், இரண்டு லிங்க், எல்லாவற்றுக்கும் புது போல்ட். புஷ் போல்ட்டுகளை அவர் அந்தரத்தில் முழுசாக இறுக்கவில்லை. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கிவிட்டால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் நல்ல கைதான் என்று நிம்மதி வந்தது. சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்டும் சேர்த்து 1,400 டாலர். பெரிய தொகைதான். இன்னொரு பழைய கார் வாங்கினாலும் அதன் அடியும் இப்படித்தானே இருக்கும் என்று யோசித்துத்தான் செலவு செய்தேன்.

சித்தப்பா பையன் செப்டம்பரில் படிக்க வருகிறானே, அவனிடம் சொல்லுங்கள்: பழைய கார் எடுப்பதானால் லிஃப்டில் தூக்கிக் காட்டாத வண்டிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. பேர் மாற்ற இங்கே பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், 36 நாள் செல்லும். சோதனை செய்த அன்றைக்கு வண்டி தேறியது என்றுதான் அதற்கு அர்த்தம், அடுத்த குளிர்காலத்துக்கு அது பொறுப்பில்லை. ரோடு காயும் நாளில் அடிப்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். குளிர் தொடங்கும் முன் வருஷா வருஷம் அடியில் துருத் தடுப்பு ஆயில் அடிக்க வேண்டும். உப்போடு கொண்டுபோய்க் கதகதப்பான கராஜில் நிறுத்தினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும், அதையும் சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் பீமிலும் துரு இருக்கிறது. ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கவில்லை, சுத்தியால் தட்டினால் 'டிங்' என்றுதான் கேட்கிறது. ஆனால் பீமைப் பிடித்திருக்கும் இடத்தில், பாடித் தகட்டில், ஒரு ரூபாய் அகலத்துக்கு மெத்தென்று இருக்கிறது. லாரி மாதிரி இதற்கு அடிச்சட்டமாகத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அழுகியதை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்ட் பண்ணலாம் என்கிறார் அண்ணன். அந்த இடத்தில் வெல்டிங் தாங்குமா, இல்லை அடுத்த குளிருக்கு முன்னால் வண்டியையே கைமாற்றிவிடலாமா? போட்டோவை அம்மா போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

அன்பு மகள்